விரியன் கடித்தால் ரத்தம் ஏன் உறைவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரையாவது இப்போதுதான் பாம்பு கடித்திருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் கிடைக்கிற வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். படிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கீழே உள்ளவை தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆஸ்பத்திரி லேப் வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விகள். நான் ரத்தப் பரிசோதனை செய்கிற டெக்னீஷியன், மருத்துவர் அல்ல. மருந்து எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் டாக்டர் முடிவு. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் எந்தப் பாம்புக்குப் பயப்பட வேண்டும்?

இந்தியாவில் உயிர்ச்சேதத்துக்குப் பெரும்பாலும் காரணமானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குமே தமிழ்நாட்டில் உண்டு. ராகிக் கொல்லை, நிலக்கடலைக் காடு, கரும்புத் தோட்டம், வைக்கோல் போர் என்று எலி இருக்கும் இடமெல்லாம் கண்ணாடி விரியன் வரும். சுருட்டை சின்னது, ஏறக்குறைய ஒரு அடிதான் இருக்கும். செம்மண்ணும் பாறையுமான காய்ந்த பூமி அதற்குப் பிடிக்கும். நம் இரண்டு மாவட்டத்திலும் அப்படிப்பட்ட நிலத்துக்குப் பஞ்சமில்லை. கல்லைப் புரட்டும்போது கையில் கடிக்கும். "சின்னப் பாம்புதானே" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அளவைப் பார்த்து விஷத்தைக் கணிக்காதீர்கள்.

ரத்தத்தைக் கெடுப்பவை முக்கியமாக இந்த இரண்டு விரியன்கள்தான். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் வேறு குடும்பம், நல்ல பாம்பின் பக்கத்துச் சொந்தம்.

விஷம் என்பது ஒரே பொருள் இல்லையா?

இல்லை. ஒரு துளி விரியன் விஷத்தைக் காய வைத்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதங்களில் பல, என்சைம்கள். உணவைச் செரிக்க நம் கணையத்தில் சுரப்பதும் என்சைம்தான். ஒரு என்சைம் குறிப்பிட்ட ஒரு வகை மூலக்கூறை, குறிப்பிட்ட ஒரு இடத்தில் வெட்டும். வெட்டியதும் அது தீர்ந்துபோகாது, அடுத்ததைத் தேடிப் போகும். சில மில்லிகிராம் விஷம் ஒரு ஆளையே சாய்க்க இதுதான் காரணம்.

விரியன் விஷத்தில் உள்ள முக்கியமானவற்றைச் சொல்கிறேன். மெட்டலோபுரோட்டியேஸ் என்பவை நடுவில் ஒரு துத்தநாக அணுவை வைத்துக்கொண்டு புரதத்தை வெட்டுபவை. செரின் புரோட்டியேஸ்கள் ரத்தம் உறைவதற்கான காரணிகளில் கை வைப்பவை. பாஸ்போலைப்பேஸ் ஏ2 செல்லின் மேல்சவ்வில் உள்ள கொழுப்பை உடைக்கும். ஹயலூரோனிடேஸ் சதைக்கு இடையில் இருக்கும் பசையைக் கரைக்கும். எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் என்று ஒன்று இருக்கிறது. விரியன் விஷம் மஞ்சளாகத் தெரிவது அதனால்தான். அது வேலை செய்யும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவரும், அதுவும் செல்களுக்குக் கெடுதல்.

ரத்தத்தை உறைய வைக்கும் விஷம் என்று ஒருவர் சொல்கிறார், உறைய விடாத விஷம் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

இரண்டும் சரி. என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். இது புரிந்தால் ஆஸ்பத்திரியில் நடக்கும் பாதி விஷயங்கள் புரிந்துவிடும்.

முதலில், சாதாரணமாக ரத்தம் எப்படி உறைகிறது? அரிவாள் பட்டு விரல் வெட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். ரத்தத்தில் உறைதல் காரணிகள் என்று ஒரு வரிசை உண்டு. கல்லீரல் தயாரிப்பவை. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். காயம் பட்டதும் ஒன்று அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். பத்தாம் காரணி எழுந்ததும், அது ஐந்தாம் காரணியின் துணையோடு புரோத்ராம்பினை த்ராம்பினாக மாற்றும். த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை வெட்டி ஃபைப்ரின் இழையாக்கும். இழைகள் பின்னிக்கொண்டு, தட்டணுக்களையும் சேர்த்துப் பிடித்து, வெட்டிய இடத்தை அடைக்கும். வெட்டிய இடத்தில் மட்டும்தான் இது நடக்கும், மற்ற இடங்களில் நடக்காமல் தடுக்கவும் உடம்பில் ஏற்பாடு இருக்கிறது.

கண்ணாடி விரியன் விஷத்தில் பத்தாம் காரணியை நேரடியாக எழுப்பும் மெட்டலோபுரோட்டியேஸ் ஒன்று உண்டு. ஐந்தாம் காரணியை எழுப்பும் செரின் புரோட்டியேஸ் ஒன்றும் உண்டு. காயம் தேவையில்லை, வரிசை தேவையில்லை, நடுவில் புகுந்து தட்டி எழுப்பிவிடும். சுருட்டை விரியன் இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. அதன் விஷத்தில் உள்ள எகாரின் என்ற என்சைம் புரோத்ராம்பினையே நேராக வெட்டுகிறது. அதற்கு ஐந்தாம் காரணியின் துணையோ கால்சியமோ கூட வேண்டாம்.

ஆக, விஷம் ரத்தத்தை உறைய வைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு இடத்தில் அல்ல, ஓடுகிற ரத்தம் முழுவதிலும். பெரிய கட்டியாக அல்ல, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக. அந்தத் துகள்களை உடம்பே கரைத்தும் விடுகிறது. இப்படி உறைவதும் கரைவதுமாகவே கையிருப்பு ஃபைப்ரினோஜன் முழுவதும் காலி. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கே சமைத்ததெல்லாம் தீர்ந்துபோய், இரண்டாம் பந்தி ஆட்கள் வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. ஆரோக்கியமானவருக்கு நூறு மில்லி பிளாஸ்மாவில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை ஃபைப்ரினோஜன் இருக்கும். விரியன் கடியில் அது அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு பல் துலக்கும்போது ஈறில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும், அடைக்க உடம்பிடம் சரக்கு இல்லை.

கடித்தது காலில். ஈறிலும் சிறுநீரிலும் ஏன் ரத்தம் வருகிறது?

உறையாமல் இருப்பது பாதிக் கதை. ரத்தம் வெளியே வர ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையைப் போடுவது வேறு வகை மெட்டலோபுரோட்டியேஸ்கள். மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் கலந்த ஒரு மெல்லிய படலம். இந்த என்சைம்கள் அந்தப் படலத்தை அரித்துவிடும். பிறகு உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தமே சுவரைக் கிழிக்கப் போதும். அரிப்பும் உறையாமையும் சேர்ந்துகொள்ளும்போது ஈறு, மூக்கு, சிறுநீர், ஊசி குத்திய இடம், சில வேளை மூளை என்று எங்கு வேண்டுமானாலும் கசியலாம். விரியன் கடித்தவருக்குக் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால் நர்ஸிடம் உடனே சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

கால் யானைக்கால் மாதிரி வீங்கிவிட்டது. கறுத்தும் போகிறதே?

ஹயலூரோனிடேஸ் சதைக்கு இடையே உள்ள பசையைக் கரைத்து மற்றவற்றுக்கு வழி விடுகிறது. (கண் அறுவை சிகிச்சையில் மரத்துப்போகும் ஊசி நன்றாகப் பரவுவதற்கு இதே வகை என்சைமைத்தான் சேர்க்கிறார்கள், ஆனால் அது பாம்பிடமிருந்து எடுத்தது அல்ல.) பின்னால் வருகிற பாஸ்போலைப்பேஸ் ஏ2 செல் சவ்வின் கொழுப்பை வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளில் ஒன்று சோப்பின் குணம் கொண்டது, அதுவே பக்கத்துச் செல்களைக் கரைக்கும். இன்னொரு துண்டிலிருந்து உடம்பு புரோஸ்டாகிளாண்டின்களைத் தயாரிக்கும். வலிக்கும் வீக்கத்துக்கும் அது ஒரு காரணம். குழாய்களிலிருந்து நீரும் ரத்தமும் கசிந்து சதைக்குள் தேங்கும். கொப்புளம் வரும், தோல் கறுக்கும், சதை செத்துப்போகும் இடங்களும் உண்டு.

கண்ணாடி விரியன் கடியில் சிலருக்கு உடம்பு முழுக்க நுண்குழாய்கள் கசிய ஆரம்பித்துவிடும். கண்ணின் வெள்ளைப் பகுதி உப்பும், கன்னத்தின் இரு பக்கமும் வீங்கும், ரத்த அழுத்தம் விழும். இது மோசமான அறிகுறி.

லேபில் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றிவிட்டு, யாரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்களே?

அந்தச் சும்மா இருப்பதுதான் டெஸ்ட். 20 நிமிட முழு ரத்த உறைதல் பரிசோதனை என்று பெயர். புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அறை வெப்பத்தில், ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைப்போம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் உறைந்தது. தண்ணீராக ஓடினால் ஃபைப்ரினோஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் பகுதியில் அப்படி ஓடினால் கடித்தது விரியன்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

கண்ணாடி ஏன்? கண்ணாடியின் மேல்பரப்பு பட்டால் ரத்தம் தானாக உறைய ஆரம்பிக்கும், பிளாஸ்டிக்கில் அப்படி ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயும் ஆகாது, சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாது. விலை குறைந்த டெஸ்ட்தான், மின்சாரம் கூட வேண்டாம். ஆனால் பொறுமை இல்லாமல் பத்தாவது நிமிடத்தில் ஆட்டிப் பார்ப்பவர்களால் கெட்டுப்போவதும் இந்த டெஸ்ட்தான். லேப்காரனாக இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

முதல் குழாயில் உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்குப் போகக் கூடாது. விஷம் கடிவாயிலிருந்து மெதுவாகவும் ஏறலாம், அதனால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவரைக் கூட 24 மணி நேரம் வைத்திருந்துதான் அனுப்புவது வழக்கம்.

கயிறு கட்டினால் விஷம் ஏறாதுதானே?

கட்டாதீர்கள். வீக்கமும் அழுகலும் உண்டாக்கும் என்சைம்களை ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் அந்த இடம் இன்னும் வேகமாகக் கெடும். ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க வேண்டி வரலாம். கட்டை அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறவும் கூடும். ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் நீங்களே அவிழ்க்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் பார்த்து அவிழ்ப்பார்கள்.

பிளேடால் கீறுவது இன்னும் மோசம். உறையாத ரத்தம் உள்ளவருக்குப் புதிதாக ஒரு ஓட்டை போட்டது மாதிரி ஆகும். வாயால் உறிஞ்சுவதில் பயன் இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மெட்டி, கொலுசு, மோதிரம், அரைஞாண் எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள், கடிபட்ட கை காலை எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போல் ஒரு கட்டை வைத்து அசையாமல் லேசாகக் கட்டுங்கள், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். வலி மாத்திரை என்று ஆஸ்பிரின், புரூஃபன் கொடுக்காதீர்கள். அவை தட்டணுக்களையும் மந்தமாக்கும்.

வேப்பிலை கசந்தால் விஷம் ஏறவில்லை என்கிறாரே எங்கள் தாத்தா?

வேப்பிலை, சிறியாநங்கை, மிளகாய் என்று ஒவ்வொரு ஊரில் ஒவ்வொன்று கொடுத்துப் பார்ப்பார்கள். ஃபைப்ரினோஜன் முழுக்கத் தீர்ந்தவருக்கும் வேப்பிலை கசக்கத்தான் செய்யும். நாக்கின் சுவைக்கும் ரத்தம் உறைவதற்கும் சம்பந்தமே கிடையாது. மந்திரித்துப் பிழைத்தவர்கள் பலர் உண்டு என்பதும் உண்மைதான். பாம்பு விஷம் இறக்காமலே கடிப்பதும் உண்டு, விஷமில்லாத பாம்பும் கடிக்கும். அந்தப் பிழைப்பெல்லாம் மந்திரத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அஞ்செட்டி, வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலையூர்களிலிருந்து கிளம்பி வருவதற்கே நேரம் பிடிக்கும். அதில் ஒரு மணி நேரத்தை இலைக்குக் கொடுக்க வேண்டாம்.

விஷமுறிவு ஊசி எப்படி வேலை செய்கிறது? எதற்குப் பத்துக் குப்பி?

குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷத்தை ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பு அதற்கு எதிர்ப்புரதம் உண்டாக்கும். அதைப் பிரித்துச் சுத்தப்படுத்தியதுதான் ஏ.எஸ்.வி. இந்தியாவில் கிடைப்பது நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதற்கான விஷத்தைத் தருவதில் முக்கிய இடம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. வடமாநிலங்களில் சில இடங்களில் இந்த மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை என்று ஒரு குறை இருக்கிறது. ஒரே கண்ணாடி விரியனின் விஷக் கலவை ஊருக்கு ஊர் மாறுவது அதற்குக் காரணம்.

பத்துக் குப்பிக் கணக்கு இப்படி. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறக்கும். 10 மில்லி குப்பி ஒன்று 6 மில்லிகிராமை முறிக்கும். ஆகவே எட்டு முதல் பத்துக் குப்பியில் ஆரம்பிக்கிறார்கள். குழந்தைக்குப் பாதி போதாதா என்று கேட்பார்கள். குழந்தையைக் கடித்தாலும் பாம்பு அதே அளவு விஷத்தைத்தான் இறக்கும். மருந்து விஷத்தின் அளவுக்கே தவிர ஆளின் எடைக்கு அல்ல. கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு அரிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் வரும். அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். பயந்துபோய் ஊசியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

மருந்து ஏறி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ரத்தம் இன்னும் உறையவில்லையே?

ஏ.எஸ்.வி. விஷத்தைத்தான் பிடிக்கும், தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனைத் திருப்பித் தராது. அதைக் கல்லீரல் புதிதாகத் தயாரிக்க வேண்டும், சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் மருந்து போட்டு ஆறு மணி நேரம் கழித்துக் குழாய் டெஸ்டைத் திரும்பச் செய்கிறார்கள். அப்போதும் உறையவில்லை என்றால் உள்ளே முறியாத விஷம் இருக்கிறது என்று கொண்டு இன்னும் மருந்து கொடுப்பார்கள். முதலிலேயே வெளியிலிருந்து ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றச் சொல்லி வற்புறுத்துபவர்கள் உண்டு. விஷத்தை முறிக்காமல் ஏற்றினால் ஏற்றிய காரணிகளையும் விஷம் தீர்த்துவிடும்.

வீக்கமும் செத்த சதையும் வேறு கணக்கு. ஏற்கெனவே கரைந்த சதையை எந்த ஊசியும் மீட்காது. சீக்கிரம் வரச் சொல்லி நச்சரிப்பது அதற்காகத்தான்.

பாம்புக்கடிக்கு எதற்கு டயாலிசிஸ்?

கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைப் பல பக்கமும் தாக்கும். நுண்ணிய ஃபைப்ரின் துகள்கள் அதன் சின்னக் குழாய்களில் சிக்கும். சிதைந்த சிவப்பணுவிலிருந்தும் சதையிலிருந்தும் வரும் புரதங்கள் வடிகட்டியை அடைக்கும். ரத்த அழுத்தம் விழுவதால் போகிற ரத்தமும் குறையும். விஷமே நேரடியாகவும் செல்களைக் கெடுக்கும். சிறுநீர் குறைந்தாலோ, கறுப்புக் காப்பி நிறத்தில் போனாலோ உடனே சொல்லுங்கள். பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அதுவரை டயாலிசிஸ் தாங்கிப் பிடிக்கும். சிலருக்கு முழுவதும் திரும்புவதில்லை.

பாம்பை அடித்து எடுத்து வர வேண்டுமா?

வேண்டாம். ஏ.எஸ்.வி. நான்குக்கும் ஒன்றே. அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபட்டதும் உண்டு. தூரத்திலிருந்து செல்போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. மண்ணுளிப் பாம்பைக் கண்ணாடி விரியன் என்றும், கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்றும் நினைப்பது சகஜம். இரண்டாவது தவறுதான் ஆளைக் கொல்லும்.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் ரத்தத்தை ஒன்றும் செய்யாதா?

அவை முக்கியமாக நரம்பைப் பிடிப்பவை. இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். குழாய் டெஸ்டில் ரத்தம் நன்றாக உறையும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, தடம் கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தால் சந்தேகப்பட வேண்டும். அதன் விஷத்திலும் பாஸ்போலைப்பேஸ் வகைப் புரதம் உண்டு, ஆனால் அது நரம்பின் நுனியைத் தாக்குகிறது. தென்னிந்தியக் கண்ணாடி விரியன் கடியிலும் இமை தொங்குவதைப் பார்க்கலாம். பாம்புகள் பாடப்புத்தகம் படிப்பதில்லை.

பாம்பு விஷத்திலிருந்து மருந்து செய்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் கேப்டோப்ரில் மாத்திரை, பிரேசில் நாட்டுக் குழிவிரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. அமெரிக்காவில் 1981-இல் அனுமதி கிடைத்தது. மாரடைப்பில் கொடுக்கும் டிரோஃபிபான், சுருட்டை விரியன் விஷத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பார்த்து வடிவமைத்தது. 1934-இல் மேக்ஃபார்லேன் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடன் வேலை செய்தவரும் ரத்தப்போக்கு நோயாளிகளின் காயத்தில் நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தைத் தடவி ரத்தத்தை நிறுத்திக் காட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது லேபில் இருக்கிறது. பெண்களுக்குத் திரும்பத் திரும்பக் கரு கலைந்தால் எழுதும் லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் டெஸ்டில் ஊற்றும் திரவம், நீர்த்த கண்ணாடி விரியன் விஷம்தான். பத்தாம் காரணியை எழுப்பும் அதே என்சைமை, எண்ணி வைத்த அளவில் பயன்படுத்துகிறோம்.

பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா?

அது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மருந்து ஏறி ஒன்றிரண்டு வாரத்துக்குள் மூட்டு வலி, காய்ச்சல், தடிப்பு வந்தால் அது பெரும்பாலும் குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, சிகிச்சை உண்டு. சிறுநீரகத்துக்காக கிரியேட்டினின் டெஸ்ட் எழுதித் தந்தால் தவறாமல் வந்து எடுங்கள். காயம் ஆறும்வரை சாணியிலும் சேற்றிலும் கால் வைக்காதீர்கள்.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. கண்ணாடி விரியன் கடியில் மோசமாகப் படுத்து எழுந்தவர்களில் சிலருக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெட்டுவிடும். அங்கும் ரத்தம் கசிவதும் குழாய் அடைபடுவதும் நடக்கிறது. உடனே தெரியாது. மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்துத் தெரியும். தீராத அசதி, உடம்பு முடி உதிர்வது, பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது, ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு, குளிர் தாங்காமை. வேலை செய்ய மாட்டேன் என்கிறான், சோம்பேறி ஆகிவிட்டான் என்று வீட்டில் திட்டு விழும். அப்படி இருந்தால் டாக்டரிடம் போய், எப்போதோ கடித்த அந்தப் பாம்பைப் பற்றியும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. காலையில் எடுக்கும் கார்டிசால், தைராய்டு ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் துப்புக் கிடைத்துவிடும், குறைந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுக்கலாம்.